லாக் பிடிக்காத கத்திக்கு விலை ஒரு சாக்கா?

நானூறு, ஐந்நூறு டாலர் கொடுத்து மடக்குக் கத்தி வாங்குகிற அமெரிக்க ரசிகர், பெட்டியைப் பிரித்ததும் எதையும் நறுக்கிப் பார்ப்பதில்லை. கத்தியை மடக்கிய நிலையிலேயே வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். கைப்பிடியின் இரண்டு தகடுகளுக்கும் இடையே அலகு நட்டநடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார். மயிரிழை ஒதுங்கியிருந்தாலும் போச்சு, கத்தி வந்த வழியே திரும்பிப் போகும். நம் ஊரில் கதை நேர் எதிர். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய கத்தி, திறந்த நிலையில் கடகடவென ஆடும். லாக் சில சமயம் பிடிக்கும், சில சமயம் பிடிக்காது. "இந்த விலைக்கு வேற என்ன எதிர்பார்க்க முடியும்?" என்று சொல்லிவிட்டு அதைக் கொண்டே பார்சல் பிரிக்கவும் ஒயர் சீவவும் தொடங்கிவிடுவார்கள்.

முன்னவர் கேட்பது அழகு சம்பந்தப்பட்டது. பின்னவர் கேட்காமல் விடுவது விரல் சம்பந்தப்பட்டது. தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகும் ஒரு பொருளிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்கிற கணக்கு இரண்டு இடத்திலும் தவறிப்போயிருக்கிறது. இதில் நம்மவர் கணக்குதான் ஆபத்தானது.

மடக்குக் கத்தியில் அப்படி ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. ஓர் அலகு, அது சுழல்வதற்கு ஓர் அச்சு, இரண்டு வாஷர், இரண்டு பக்கத் தகடு, சில திருகாணிகள், ஒரு லாக். ஆனால் பிடித்திருப்பவரின் நான்கு விரல்களும் எந்நேரமும் அலகு மடங்கி வந்து விழும் பாதையிலேயே இருக்கின்றன. அரிவாள்மனையிலும் சமையலறைக் கத்தியிலும் இந்தச் சிக்கல் கிடையாது.

இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது 'லைனர் லாக்' வகை. அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் 1980களில் செம்மைப்படுத்திய அமைப்பு. கைப்பிடிக்குள் இருக்கும் உலோகத் தகட்டின் ஒரு பகுதி ஸ்பிரிங் மாதிரி உள்பக்கமாக வளைந்து நிற்கும். அலகை முழுக்கத் திறந்ததும் அது 'டக்'கென்று நகர்ந்து அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நின்றுகொள்ளும். கட்டைவிரலால் அதை ஒதுக்கினால்தான் கத்தி மடங்கும். அலகின் அடிப்பாகம் மூன்று மில்லிமீட்டர் தடிமன் என்றால், தகடு அதில் கால்வாசி முதல் பாதி வரை ஏறி உட்கார்ந்திருப்பது நல்ல கத்திக்கு அடையாளம். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால், கொஞ்சம் முறுக்கி அழுத்தினாலே வழுக்கிவிடும். வாங்கிய அன்றே மறுகோடிக்குப் போய் நின்றால், நாளைய தேய்மானத்துக்கு இடமில்லை. தகடு வந்து உட்காரும் அந்தச் சின்ன முகம் சில டிகிரி சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு சற்றே பிசகினாலும் லாக் நழுவும், இல்லையென்றால் இறுகிச் சிக்கிக்கொள்ளும். கத்தியின் பாதுகாப்பு முழுவதும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஓர் இடத்தில் இருக்கிறது.

இந்த இடத்தைத் தொழிற்சாலையில் யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி. பார்க்கிறார்கள், ஆனால் எல்லாக் கத்தியிலும் பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்க உலகெங்கும் கையாளப்படுவது மாதிரி ஆய்வு. அதற்கான பொதுத் தரம் ஐ.எஸ்.ஓ. 2859-1. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவக் கொள்முதலுக்காகப் போட்ட அட்டவணைகளின் வாரிசு இது. மூவாயிரம் கத்தி கொண்ட ஒரு சரக்கு என்றால், வழக்கமான ஆய்வு நிலையில் 125 கத்திகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். குறைகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: ஆபத்தான குறை, பெரிய குறை, சிறிய குறை. இறக்குமதியாளர்கள் பரவலாக வைக்கும் வரம்பு, ஆபத்தான குறைக்குப் பூஜ்யம், பெரியதற்கு நூற்றுக்கு 2.5, சிறியதற்கு நூற்றுக்கு 4. அட்டவணைப்படி 125 கத்தியில் ஏழு வரை பெரிய குறை இருந்தாலும் சரக்கு தேறிவிடும், எட்டாவது வந்தால்தான் நிராகரிப்பு. சிறிய குறை என்றால் பத்து வரை அனுமதி. ஆக, தரப் பரிசோதனை முடிந்து முத்திரை விழுந்த சரக்கிலும் ஆடுகிற கத்திகளும் ஒதுங்கிய அலகுகளும் இருக்கவே செய்யும். இது மோசடி கிடையாது. மலிவு விலைக்காக வாங்குபவரும் விற்பவரும் பேசாமலே செய்துகொண்ட உடன்பாடு.

உடன்பாட்டில் ஓட்டை இருப்பது அந்தப் 'பூஜ்யம்' என்ற இடத்தில். மாதிரியில் பூஜ்யம் என்றால் சரக்கிலும் பூஜ்யம் என்று பொருள் இல்லை. மூவாயிரத்தில் நூற்றுக்கு ஒன்று வீதம் முப்பது கத்திகளுக்கு லாக் பழுது என்று வைத்துக்கொள்வோம். எடுத்த 125-ல் அவற்றில் ஒன்றுகூடச் சிக்காமல் போவதற்கு நாலில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அந்த முப்பதும் முப்பது வீடுகளுக்குப் போய்விடும். அதனால்தான் கைப்பிடி நிறத்தையும் அலகின் பாலிஷையும் மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும், லாக்கை மட்டும் ஒவ்வொரு கத்தியிலும் திறந்து, அழுத்தி, மடக்கிப் பார்த்தே ஆகவேண்டும். ஒரு கத்திக்குச் சில விநாடி வேலை. அந்தச் சில விநாடிக் கூலியை மிச்சம் பிடித்துத்தான் சில கத்திகள் அவ்வளவு மலிவாக விற்கின்றன.

வாங்குபவர் தனக்கு என்ன வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால் தொழில் எப்படி மாறும் என்பதற்கு சுவிட்சர்லாந்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 1880களின் கடைசியில் அந்நாட்டு ராணுவம் புதிய துப்பாக்கியைக் கையில் எடுத்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்யத் திருப்புளி வேண்டும், டப்பா உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மடக்குக் கத்தியில் அடக்கச் சொல்லி விவரக்குறிப்பு எழுதியது. அவ்வளவு கத்தியைச் செய்து தரும் வசதி உள்நாட்டில் யாரிடமும் இல்லாததால் முதல் சரக்கு ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்திலிருந்து வந்தது. இபாக் என்னும் சுவிஸ் ஊரில் 1884-ல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்ஸெனர், 1891-ல் அந்த வேலையைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார். இன்றைய விக்டோரினாக்ஸ் நிறுவனம் அதுதான்.

அந்த நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லும் ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56, ஸ்பிரிங்கின் கடினம் 49. அலகு பதமாக நிற்க வேண்டும், ஸ்பிரிங் ஒடியாமல் வளைய வேண்டும் என்பதால் இரண்டுக்கும் வேறு வேறு பதம். 56 என்பது இன்றைய விலை உயர்ந்த எஃகுகளோடு பார்த்தால் சுமார்தான். இருந்தாலும் அந்த எண் ஒவ்வொரு கத்திக்கும் பொருந்துகிறது. ஒரு ரகத்தில் பத்துக் கத்தி வாங்கினால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கைதான் அந்தச் சிவப்புக் கைப்பிடியின் விலை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பலர் வைத்திருக்கும் 91 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தியில் லாக்கே கிடையாது. பின்புற ஸ்பிரிங்கின் இழுப்பில்தான் அலகு நிற்கிறது. எதையும் குத்தித் துளைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. இது குறை இல்லை, அந்த அமைப்பின் இயல்பு. லாக் தேவைப்பட்டபோது சுவிஸ் ராணுவமே 2008-ம் ஆண்டு மாடலில் ஒரு கையால் திறக்கும், லாக் விழும் கத்தியைக் கேட்டு வாங்கியது.

இயல்பு எது, பழுது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும். பிரான்ஸின் சவோயா மலைப்பகுதியில் 1890-ல் ஜோசப் ஒப்பினெல் வடிவமைத்த மரப்பிடிக் கத்தியை எடுத்துக்கொள்ளலாம். இன்றும் அதே உருவத்தில், சாமானியர் வாங்கும் விலையில் விற்கிறது. பீச் மரத்தில் ஒரு பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, 1955-லிருந்து கழுத்தில் ஒரு சுழலும் பூண். பூணைத் திருப்பினால் லாக். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும், அலகு திறக்கவே அடம்பிடிக்கும். சவோயா விவசாயி அதற்காகக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியதில்லை. பிடியின் பின்முனையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார், அலகு எட்டிப் பார்க்கும். அந்தத் தட்டுக்கே 'சவோயாக்காரன் தட்டு' என்று பெயர் வந்துவிட்டது. சென்னைக் காற்றில் அந்தக் கத்தியை வாங்கி, இறுக்கமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவது நியாயமில்லை. அதே கத்தியில் பூண் தளர்ந்து தானாகச் சுழன்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றே திருப்பி அனுப்ப வேண்டும்.

விலைப் பட்டியலின் மறுகோடியில் இருப்பது செபென்சா. தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்துகொண்டிருந்த கிறிஸ் ரீவ் 1980களில் வடிவமைத்தது. 1989-ல் அவர் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு உலகப் புகழ் பெற்றது. லைனர் லாக்கின் மெல்லிய தகட்டுக்குப் பதிலாக டைட்டானியக் கைப்பிடியின் ஒரு பாதியே லாக்காக வேலை செய்யும்படி அமைத்தவர் அவர்தான். ஆனால் விலைக்கு உண்மையான காரணம் அச்சில் இருக்கிறது. சாதாரணக் கத்தியில் அச்சுத் திருகாணியை இறுக்கினால் அலகு நகராது, தளர்த்தினால் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைத் தேடிப் பிடிப்பது வாங்கியவர் தலையில் விழும் வேலை. செபென்சாவில் அச்சைச் சுற்றி ஓர் உருளை உண்டு. அலகும் இரண்டு வாஷரும் சேர்ந்த தடிமனைவிடத் துளியே துளி உயரமாக அது கடைந்தெடுக்கப்பட்டிருக்கும். திருகாணியை முழுக்க இறுக்கினாலும் இறுக்கம் உருளையின் மேல் போய் நிற்கும், அலகு வழுவழுவென்று சுழலும். தேடிப் பிடிக்க வேண்டிய புள்ளியே இல்லை. அத்தனை நுட்பமாகக் கடைந்துவிட்டு அதற்கு நானூறு டாலருக்கு மேல் வாங்குகிறவரிடம் "அலகு ஏன் நடுவில் இல்லை?" என்று கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. அதே கேள்வியை முப்பது டாலர் கத்தியிடம் கேட்பது வீண். திருப்புளியால் கால் சுற்றுத் திருகினால் பெரும்பாலும் அலகு நடுவுக்கு வந்துவிடும்.

'சைனா மால்' என்று முகம் சுளிக்கும் வழக்கத்தையும் இங்கே மறுபரிசீலனை செய்யலாம். குவாங்டோங் மாகாணத்தின் யாங்ஜியாங் நகரம் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போனது. பேருந்து நிலையத்தில் விற்கும் தகரக் கத்தியும் அங்கிருந்து வருகிறது. ஐம்பது அறுபது டாலரில் அமெரிக்கத் தயாரிப்புகளையே கூச்சப்பட வைக்கும் நேர்த்தியுள்ள சிவிவி போன்ற கத்திகளும் அங்கிருந்தே வருகின்றன. ஊர் ஒன்று, இயந்திரங்களும் ஏறக்குறைய ஒன்று. ஆர்டர் கொடுத்தவர் எழுதிக் கொடுத்த தரம்தான் வேறு. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் தன் கத்திகளைக் கொலராடோவில் மட்டுமின்றி ஜப்பானின் செகி, தைவானின் தைச்சுங், இத்தாலியின் மணியாகோ எனப் பல இடங்களில் செய்கிறது, எங்கே செய்தது என்பதைக் கத்தியிலேயே பொறித்தும் விடுகிறது. அதன் தைவான் தயாரிப்புகள்தான் சொந்த ஊர்த் தயாரிப்பைவிட நேர்த்தி என்று வாதிடும் அமெரிக்கர்கள் நிறையப் பேர். நாட்டின் பெயரைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்கிற காலம் போய்விட்டது.

எஃகின் பெயரும் அப்படித்தான். விளம்பரத்தில் ஏதோ எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பெயரைப் போட்டால் விலை ஏறுகிறது. அலகை எந்த வெப்பத்தில் காய்ச்சி, எப்படிக் குளிரவைத்து, எந்தப் பதத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை வாங்குபவர் கண்ணால் பார்க்க முடியாது. 1964-ல் சந்தைக்கு வந்த பக் 110 என்ற அமெரிக்கக் கத்தி இன்றும் 420ஹெச்சி என்ற எளிய எஃகில்தான் தயாராகிறது. வெப்பப் பதப்படுத்தலில் பேரெடுத்த பால் பாஸ் என்பவரின் முறையை அந்த நிறுவனம் பின்பற்றியதால், மலிவான எஃகே நன்றாகப் பதம் காக்கிறது. உயர்ந்த எஃகைச் சரியாகப் பதப்படுத்தாமல் விட்டால் இரண்டு தேங்காய்நார்க் கயிறு அறுத்ததுமே கூர் மழுங்கிவிடும். அலகின் கடினம் எத்தனை என்று அட்டையில் அச்சிடாத நிறுவனம் எஃகின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவதில் பொருளில்லை.

இத்தனைக்கும் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் ஒரே பதில் 'வாழ்நாள் உத்தரவாதம்'. பழுதென்றால் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம். ஐடஹோவிலோ ஓரிகனிலோ இருப்பவருக்கு அது உண்மையான உத்தரவாதம். திருநெல்வேலியில் இருப்பவருக்கு? அனுப்பும் செலவு, கூர்மையான பொருளை ஏற்கத் தயங்கும் கூரியர், திரும்பி வரும்போது சுங்கத்தில் கேள்வி. எல்லாம் சேர்ந்து கத்தியின் விலையைத் தாண்டிவிடும். உத்தரவாதம் என்பது பரிசோதனைச் செலவை வாடிக்கையாளர் பக்கம் தள்ளிவிடுகிற ஏற்பாடு. தொலைவில் இருக்கிறவருக்குத் தொழிற்சாலை வாசலிலேயே நடக்கும் சோதனைதான் உதவும். இங்கே இறக்குமதி செய்கிறவர்கள் குறைந்தது லாக்கையாவது ஒவ்வொன்றாகப் பார்த்து விற்கவேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மா ஒட்டுக்கன்று கட்டுகிறவர்களுக்கு மடக்குக் கத்தி அன்றாடக் கருவி. எலக்ட்ரீஷியனுக்கும் கேபிள்காரருக்கும் அப்படியே. ஒட்டுக்குச்சியைச் சாய்வாகச் சீவும்போது அலகு பக்கவாட்டில் ஆடினால் வெட்டு சமமாக விழாது, சமமாக விழாத வெட்டில் ஒட்டு பிடிக்காது. அலகு ஆடுவது அவருக்குக் கூலி நஷ்டம், லாக் நழுவுவது விரல் நஷ்டம்.

கத்தி கைக்கு வந்த அன்றே, திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியுமுன், செய்யவேண்டியது இவ்வளவுதான். திறந்து, அலகின் முதுகை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். மேல்-கீழ் ஆட்டம் இருந்தால் லாக் சரியில்லை, பேச்சே வேண்டாம், திருப்பி அனுப்பலாம். பக்கவாட்டு ஆட்டம் திருகாணியை இறுக்கியும் போகவில்லையென்றால் அதுவும் பழுதுதான். பிறகு விரல்களைப் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, மடங்கும் திசையில் அலகின் முதுகை நிதானமாக அழுத்திப் பார்க்க வேண்டும். வீடியோக்களில் காட்டுவதுபோல அலகின் முதுகை மேஜையில் ஓங்கி அடிப்பது சோதனையே இல்லை, நல்ல லாக்கையும் கெடுக்கிற வேலை. கடைசியாக, மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதற வேண்டும். அலகு தானாக வெளியே வந்தால் அது சட்டைப்பையில் இருக்கக்கூடாத கத்தி. கூர் சுமாராக இருப்பது, ஒரு கீறல், அலகு நடுவில் இல்லாதது எல்லாம் விலையைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளலாம்.

அட்டையையும் படிக்க வேண்டும். இறக்குமதியான பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை இருப்பது சட்டக் கட்டாயம். அது இல்லாத கத்திக்கு யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளால் காயம்பட்டால் தயாரிப்பாளரிடம் மட்டுமின்றி, சில சூழல்களில் விற்றவரிடமும் இழப்பீடு கேட்க வழி வைத்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் வழக்குக் கட்டணமும் கிடையாது.

அமெரிக்காவில் லாக் நழுவும் கத்திகளை நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே சந்தையிலிருந்து திரும்பப் பெறவைத்திருக்கிறது. நம் நாட்டிலும் அதே அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்ற இணைய வணிக நிறுவனங்களுக்கு 2022-ல் அபராதம் போட்டு, விற்ற குக்கர்களைத் திரும்பப் பெறச் சொன்னது அந்த ஆணையம்தான். மடக்குக் கத்திக்கும் அதைச் செய்ய முதலில் புகார் வேண்டும். லாக் பிடிக்காத கத்தியை டிராயரில் போடாமல், பணம் திரும்பி வந்துவிட்டாலும்கூட, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிடுங்கள்.